அவசர சிகிச்சை: விவரம் எல்லோர் கண்ணிலும் படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. வண்டி சீக்கிரமே வந்துவிடுகிறது. அதில் வருபவரைப் பற்றிய விவரம்தான் சேர்வதில்லை.

ஒரு நைட் டியூட்டியில், நெஞ்சுவலி என்று தாலுகா மருத்துவமனையிலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார்கள். ரெஃபரல் சீட்டில் 'ஸ்ட்ரெப்டோகைனேஸ் போடப்பட்டது' என்று இருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அது. எத்தனை மணிக்கு? எழுதவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்டாச்சா? அதுவும் இல்லை. இ.சி.ஜி. ஒரு டாக்டரின் வாட்ஸ்அப்புக்குப் போயிருந்தது. அவர் ஷிப்ட் முடிந்து கிளம்பிவிட்டார். புதிதாக வந்த டாக்டர் நோயாளியின் மனைவியிடம் விசாரிக்கிறார். நான் தாலுகா மருத்துவமனைக்கு ஃபோன் போட்டால், "இருங்க சிஸ்டர், நோட்டைப் பார்த்துச் சொல்றேன்" என்கிறார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் எப்போது போட்டார்கள் என்று தெரியாமல், ஆஞ்சியோவுக்கு எப்போது கொண்டுபோவது என்று முடிவெடுக்க முடியாது. அங்கே யாரும் வேலை தெரியாதவர் இல்லை. ஆளுக்கொரு துண்டு விவரம் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

நம்மால் முடியாத காரியமல்ல இது. மாரடைப்புக்காகச் சிறிய, பெரிய மருத்துவமனைகளை இ.சி.ஜி. அனுப்பும் கருவியால் இணைத்துத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவுப்படி, ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

ஆம்புலன்ஸில் பார்த்த பி.பி., நாடி, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் எல்லாம் வண்டி வரும் முன்பே அவசரப் பிரிவின் பெரிய திரையில் தெரிய வேண்டும். நோயாளியின் பெயர் வேண்டாம். டாக்டர், நர்ஸ், லேப், சி.டி. ஸ்கேன், ரத்த வங்கி எல்லோரும் ஒரே விவரத்தைப் பார்க்கட்டும். டிராலி தள்ளுபவரும்தான்! திரையில் சிவப்பு, அதாவது மிக அவசரம், என்று பார்த்துவிட்டால் லிஃப்டைப் பிடித்து நிறுத்தி வைப்பார்.

ஒன்று மட்டும். பதிவு செய்யும் வேலையையும் நர்ஸ் தலையில் கட்டிவிடாதீர்கள். ராத்திரி இருக்கிற ஒரு நர்ஸ் ஊசி போடுவாரா, கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பாரா? டேட்டா என்ட்ரி ஆள் இரவு ஷிப்டுக்கும் வேண்டும். நெட் போனால் எழுத, அதே வரிசையில் அச்சடித்த படிவமும் கையோடு இருக்க வேண்டும்.

சுகாதாரத் துறை முதலில் ரெஃபரல் சீட்டைக் கணினிக்குக் கொண்டுவரட்டும். ஊசி போட்ட நேரத்தை நிரப்பாமல் அதை அனுப்ப முடியாதபடி அமைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர்,
கும்பகோணம்.