அம்புக்குறிக்குள் அடங்காத பயணங்கள்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். இடப்பெயர்வு என்றதும் உங்கள் வரைபடங்களில் தடித்த அம்புக்குறி ஒன்று பாய்கிறது. அதில் படை போகும், இல்லையென்றால் லட்சக்கணக்கில் சனம் போகும். நாலைந்து படகில் வந்து இறங்கியவர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்களால் என்ன மாறிவிடும் என்று நினைத்தால், மடகாஸ்கரைப் பாருங்கள்.

ஆப்பிரிக்கக் கரைக்குச் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தீவு. ஆனால் அங்கே பேசும் மலகாசிக்கு நெருங்கிய சொந்தம், கடல் தாண்டி, இந்தோனேசியப் பக்கத்துப் போர்னியோ தீவில் பாரிட்டோ ஆற்றங்கரையில் பேசும் மாஅன்யான் மொழி. தீவின் தொடக்கக் குடியேற்றத்தில் பெண்கள் சுமார் 30 பேர்தான் இருந்திருப்பார்கள், பெரும்பாலோர் இந்தோனேசிய வழியினர் என்று 2012இல் ஒரு மரபணு ஆய்வு கணக்கிட்டது. ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம்!

சரி, அந்த மொழி வந்தபடியே இருந்ததா? தொழுவத்துக்குள் போனால் ஆப்பிரிக்கா கேட்கிறது. கோழியை 'அகோஹோ' என்று எழுதுகிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் அது 'குகு'. கிழமைகளோ அரபு: வியாழன் 'அலகமிசி', வெள்ளி 'ஸுமா'.

எனக்கு மிகவும் பிடித்தது நம்பிக்கையில் நடந்த கலப்பு. ஊழைக் குறிக்கும் 'வின்தனா' என்ற சொல், மலாய் மொழியில் நட்சத்திரமான 'பிந்தாங்'கின் உறவு. அந்த ஊழைக் கணிக்கும் மாதங்களுக்கோ அரபு ராசிப் பெயர்கள். அரபியில் மேஷம் 'ஹமல்'. மலகாசியின் முதல் மாதம் 'அலஹமாடி'. தென்கிழக்குக் கரையின் அன்தேமோரோ மக்கள் தங்களை அரபு வழியினர் என்பார்கள். மலகாசியை அரபு எழுத்தில் எழுதிய 'சொராபே' ஏடுகள் அவர்களிடம் இருந்தன. இஸ்லாம் தீவு முழுக்கப் பரவவில்லை, ஆனால் மணலில் புள்ளியிட்டுப் பார்க்கும் அரபுக் குறியிலிருந்து வந்த 'சிகிடி', விதைகளைப் பரப்பிப் பார்க்கும் குறியாக ஊர் ஊராகப் போனது. வீடு கட்ட நாள் கேட்கப் போனவர் மதம் மாற வேண்டியதில்லை; குறி சொல்பவரின் வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டால் போதும்.

இதற்குத் தனிப் பாடம் கேட்கவில்லை (பை ஏற்கனவே கனம்). பயிற்சியில் ஒரு கேள்வி போடுங்கள். மலகாசிக் கிழமைகள் ஏழையும் அரபுக் கிழமைகள் ஏழையும் கலைத்துக் கொடுத்து, ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். எந்தப் படையும் போகாமல் இவை எப்படிப் போயின என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களைப் படித்து வளர்ந்த ஒருவர்