படத்துக்கு அல்ல, காட்சிக்குத்தான் பணம் கேட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரையரங்குகளுக்கு வரும் கூட்டம் குறைந்துவிட்டது என்று உரிமையாளர்கள் வருந்துவதைத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது படிக்கிறேன். படம் வெளியான சில வாரங்களிலேயே ஓடிடி தளத்துக்கு வந்துவிடுவதையும், பெரிய நடிகர்களின் படங்கள் இல்லாத மாதங்களையும் அவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளாகத் திருச்சியில் படம் பார்த்துவரும் எனக்கு, அண்மையில் ஒரு புதன்கிழமை மாலைக் காட்சியில் அவர்கள் சொல்லாத இன்னொரு காரணமும் விளங்கியது. அதைத் தங்கள் பத்திரிகை வழியாக மாவட்ட நிர்வாகத்தின் பார்வைக்குக் கொண்டுசெல்ல விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன். அரங்கின் பெயரை எழுதவில்லை. ஒரு அரங்கைப் பற்றிய புகாராக இது முடிந்துவிடக் கூடாது.

விடுமுறைக்கு மகள் வந்திருந்ததால் மனைவி, மகள், பேரன், நான் என நான்கு பேர் சென்றோம். டிக்கெட் ஒன்று 150 ரூபாய். செயலி வழியாகப் பதிவு செய்ததால் ஒவ்வோர் இருக்கைக்கும் 30 ரூபாய் சேவைக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 35 ரூபாய் 40 காசு தனி. ஆக, அரங்கின் படியில் கால் வைப்பதற்கு முன்பே 741 ரூபாய் 60 காசு செலவாகிவிட்டது. காட்சி நேரம் 6.30 என்று போட்டிருந்தார்கள். நகைக்கடை, வேட்டி, கட்டுமான மனை, மறுபடியும் அதே நகைக்கடை என்று விளம்பரங்கள் ஓடி முடிந்து படம் தொடங்கியபோது மணி 6.58. அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை, பொறுத்துக்கொள்வதற்குப் பழகிவிட்டோம்.

படத்தின் முதல் அரைமணி நேரக் கதை இரவில் நடக்கிறது. ஒரு வீட்டு முற்றத்தில் நான்கு பேர் ஏதோ பங்காளித் தகராறு பேசுகிறார்கள். யார் பேசுகிறார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவருடைய வெள்ளை வேட்டியும் ஒரு பெண்ணின் மூக்குத்தியும் மட்டுமே. வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கு திரையைவிடப் பிரகாசமாக எரிந்தது. "கரண்ட் போயிடுச்சா தாத்தா?" என்று பேரன் கேட்டான். முன்வரிசையில் ஒருவர் கைப்பேசி விளக்கைத் திரையை நோக்கி அடித்துக் காட்டியபோது அரங்கே சிரித்தது. எழுந்து போய் வாசலில் நின்ற பணியாளரிடம் சொன்னேன். "சொல்லிடறேன் சார்" என்றார். அதன்பின் எந்த மாற்றமும் இல்லை.

இடைவேளையில் மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, நான்கு திரைகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் இளைஞர் பொறுப்பாக இருப்பது தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "மதியம் இதே ஸ்கிரீன்ல த்ரீ-டி படம் ஓடுச்சு சார், அந்த ஃபில்டரை எடுத்தாங்களான்னு தெரியல; லாம்ப்பும் பழசு" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். த்ரீ-டி படத்துக்கான ஃபில்டர் ஒளியில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும். அதைக் கழற்றாமல் சாதாரணப் படத்தைப் போட்டால், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு படம் பார்ப்பது போலத்தான் இருக்கும். திரையிடும் கருவிக்குள் எரியும் செனான் விளக்கோ வயதாக ஆக மங்கிக்கொண்டே வரும். இவை ரசனை பற்றிய விஷயங்கள் அல்ல, அளந்து பார்க்கக்கூடியவை. டிஜிட்டல் திரையிடலில் சாதாரணப் படத்துக்குத் திரையின் நடுவே சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா, அதாவது 14 ஃபுட்-லாம்பெர்ட், வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. கையடக்கமான ஒரு மீட்டரை நீட்டினால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

நான் நேராக மேலாளரின் அறைக்குச் சென்று, மீதிப் படத்தைப் பார்க்க விருப்பமில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் மரியாதையானவர், உட்காரச் சொன்னார். பிறகு அவர் சொன்ன பதில்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது: "படம் பிடிக்கலைன்னா நாங்க என்ன சார் பண்றது? டைரக்டரைத்தான் கேக்கணும்." படம் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை, படத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் புரியாததுபோல் இருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

அந்த வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மோசமான படங்களுக்கு நான் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம். அதில் ஒரு ரூபாயைக்கூட நான் திருப்பிக் கேட்டதில்லை. அது என் தலையெழுத்து. ஓட்டலில் ஊற்றிய சாம்பார் நம் வாய்க்குப் பிடிக்கவில்லை என்பது வேறு, ஊசிப்போன சாம்பாரை ஊற்றுவது வேறு. சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறது. 2016-ஆம் ஆண்டு வெளியான ஓர் இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் காட்டிய பாடல் படத்தில் இல்லை என்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் வழக்குத் தொடுத்தார். நுகர்வோர் ஆணையங்கள் அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் இழப்பீடும் வழக்குச் செலவும் வழங்கச் சொல்லின. ஆனால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து, முன்னோட்டம் என்பது ஒப்பந்தம் ஆகாது என்று கூறிவிட்டது. கலைப்படைப்பில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதில் படைப்பாளிக்கு இருக்க வேண்டிய சுதந்திரத்தை எண்ணிப் பார்த்தால், எனக்கும் அது சரியாகவே படுகிறது. படத்தின் உள்ளே இருப்பது அவர்கள் பாடு. ஆனால் அந்தப் படத்தைத் தெரியும்படி, கேட்கும்படி, வியர்க்காமல் உட்கார்ந்து பார்க்கும்படி காட்டுவது அரங்கின் வேலை. நான் 150 ரூபாய் கொடுத்தது அதற்குத்தான்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'சேவை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பொழுதுபோக்கையும் சேர்த்திருக்கிறது. குறைபாடுள்ள சேவைக்காக வாங்கிய தொகையை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், அப்படி எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பதை, நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக அதே சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. 'டிக்கெட் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டால் இந்தக் கடமை தீர்ந்துவிடும் என்று நினைப்பது சரியல்ல என்பதே என் கருத்து. மேலாளர் அந்த வரியைத்தான் விரலால் சுட்டிக் காட்டினார். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் எனக்குப் படிக்க முடியவில்லை.

அடுத்து அவர் சொன்னது கணக்கு. டி.சி.ஆர். போய்விட்டது, அதாவது அன்றைய வசூல் அறிக்கையில் எங்கள் டிக்கெட்டுகள் ஏறிவிட்டன, விநியோகஸ்தருக்கும் வரித்துறைக்கும் அந்தக் கணக்குதான், இனி எடுக்க முடியாது என்றார். சேவையில் குறை இருந்தால் விற்றவர், வசூலித்த தொகையைக் குறைத்துக் காட்டும் வரவுக் குறிப்பு வழங்கி வரியைச் சரிசெய்துகொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவே வழி செய்திருக்கும்போது, இதை ஏற்பது கடினம். பிறகு, நீங்கள் செயலியில் பதிவு செய்ததால் செயலியைத்தான் கேட்க வேண்டும் என்றார். அங்கேயே நின்று செயலியின் உதவி மையத்தைத் தொடர்பு கொண்டேன். காட்சி ரத்தானால் மட்டுமே பணம் வரும், மற்றவற்றுக்கு அரங்கையே அணுகவும் என்று பதில் வந்தது. இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. கடைசியில் இரண்டு பாப்கார்ன் கூப்பன்களை நீட்டினார். திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் செல்லும். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் மறுபடியும் டிக்கெட் வாங்கி உள்ளே வர வேண்டும்.

திரும்பிச் சென்றபோது குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். கூட்டம் குறைவான நாட்களில் இடைவேளைக்குப் பின் நிறுத்துவது பல அரங்குகளில் வழக்கமாகிவிட்டது. மனைவி பாப்கார்ன் டப்பாவைப் பிரித்து விசிறிக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

என் இளமைக் காலத்தில் அரங்குகள் சொர்க்கமாக இருந்தன என்று நான் கதை கட்டப்போவதில்லை. மூட்டைப்பூச்சி கடித்தது, பீடிப் புகை கண்ணை எரித்தது. ஆனால் படம் மங்கினால் "ஆப்பரேட்டர்!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எழும், மேலே அந்தச் சிறு சதுர ஓட்டைக்குப் பின்னால் ஒரு தலை அசையும், கருவிக்குள் எரிந்து வெளிச்சம் தரும் கார்பன் குச்சியைச் சரிசெய்ததும் திரை வெளுக்கும். மின்சாரம் போய் அரைமணி நேரத்தில் வரவில்லையென்றால், கிழித்த பாதி டிக்கெட்டின் பின்புறம் முத்திரை குத்தி, நாளைக் காட்சிக்கு வரச் சொல்வார்கள். அந்த முத்திரையைக் குத்தும் அதிகாரம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவரிடமே இருந்தது. இன்றைக்கு அரங்கில் யாரிடமும் அது இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. இணையத்திலேயே மனுவும் தாக்கல் செய்யலாம். எல்லாம் சரி. 741 ரூபாய்க்கு எத்தனை வாய்தாவுக்கு நடப்பது? பெங்களூரில் ஒருவர் நடந்தார். மாலை 4.05 மணிக் காட்சியின் படம், விளம்பரங்களுக்குப் பின் 4.30-க்குத்தான் தொடங்கியது என்று அவர் தொடுத்த வழக்கில், 2025 பிப்ரவரியில் நுகர்வோர் ஆணையம் அவருக்கு 20,000 ரூபாய் இழப்பீடும் 8,000 ரூபாய் செலவும் வழங்கவும், நுகர்வோர் நல நிதிக்கு ஒரு லட்சம் ரூபாய் செலுத்தவும் உத்தரவிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 25 நிமிடத்துக்காக அவர் செலவிட்ட நாட்களை எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகவே தீர்வு நீதிமன்றத்தில் அல்ல, உரிமத்தில் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் அரங்குக்கும் 'சி' படிவ உரிமத்தை மாவட்ட ஆட்சியர்தான் வழங்குகிறார். சென்னையில் காவல் ஆணையர். அந்த உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தீயணைப்பு, மின்சாரம், கட்டடம் எல்லாவற்றுக்கும் சான்று கேட்கிறார்கள். திரையின் வெளிச்சத்தையும் ஒலியையும் அளந்த சான்று ஒன்றையும் ஏன் கேட்கக் கூடாது? காட்சியில் குறை என்று இடைவேளைக்குள் முறையிட்டவருக்கு, அன்றே, அந்தக் கவுண்டரிலேயே, சேவைக் கட்டணத்தையும் சேர்த்துப் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் அரங்கில் இருக்கும் ஒருவருக்குக் கட்டாயம் வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். சேவைக் கட்டணத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு சிறு படத்துக்குப் போனபோது, எங்களைச் சேர்த்து ஆறு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று காட்சியையே ரத்து செய்தார்கள். டிக்கெட் பணம் வந்தது, சேவைக் கட்டணம் வரவில்லை. எந்தச் சேவைக்கு அந்தக் கட்டணம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

உரிமையாளர்களின் சிரமத்தை நான் அறியாதவன் அல்ல. பெரிய படமென்றால் முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடுகிறது. மின்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு செனான் விளக்கு மாற்றுவதும் சில்லறைச் செலவு அல்ல. இடைவேளைக்குப் பின் எல்லாரும் வந்து பணம் கேட்டால் என்ன செய்வது என்று அவர்கள் அஞ்சுவதும் நியாயம்தான். அதனால்தான் இடைவேளைக்குள் என்று எல்லை வகுத்துச் சொல்கிறேன். நாட்டின் பெரிய திரையரங்கு நிறுவனம் ஒன்று 2024 டிசம்பரில் டெல்லியிலும் குருகிராமிலும், படத்தின் நடுவே எழுந்து போனால் மீதமுள்ள நேரத்துக்கு ஏற்பப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பார்க்காத பகுதிக்குப் பணம் தரக் கணினியால் முடிகிறது என்றால், காட்டாத படத்துக்கும் தர முடியும்.

டிக்கெட்டுகளின் நகல், படம் தொடங்கிய நேரம், இருளாக இருந்த காட்சிகளின் குறிப்பு ஆகியவற்றை இணைத்து, அரங்கின் உரிமையாளருக்குப் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. காட்சி நடந்த நாளிலிருந்து எண்ணினால் முப்பதாவது நாள் வரும் வெள்ளிக்கிழமை. அன்று அதே திரையில் புதுப்படம் வெளியாகிறது. பேரன் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.