கடற்கரை ரிசார்ட்டில் மயக்கவியல் வகுப்பு: அழைக்கப்படாதவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயக்கவியல் மருத்துவராக 26 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். முதல் 15 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில். அதன்பின் ஒரு சிறு நகரத்தின் தனியார் மருத்துவமனைகளில், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடும் மருத்துவராக. மழைக்காலம் முடியும் தறுவாயில் எங்கள் கைபேசிகளில் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளுக்கான அழைப்பிதழ்கள் குவியத் தொடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று, கோவாவில் ஒன்று, குமரகத்தில் ஒன்று எனப் பெரும்பாலும் ரிசார்ட்டுகளில்தான் அவை நடக்கின்றன. கடைசியாக வந்த அழைப்பிதழில் பேச்சாளர்களின் படங்களுக்கு மேலே நீச்சல் குளத்தின் படம் இருந்தது. இந்தப் பழக்கத்தைப் பற்றி மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வதோடு சரி. அறுவை அரங்கில் கண்ணை மூடிப் படுக்கப் போகிற பொதுமக்களுக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ரிசார்ட்டுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து கொடுப்பவரின் கைபேசி ஓய்வதில்லை. உள்ளூர் ஓட்டலில் வகுப்பு நடந்தால் இரண்டாவது உரை முடிவதற்குள் "சிசேரியன் இருக்கு, உடனே வாங்க சார்" என்ற அழைப்பு வந்துவிடும். வந்தால் எழுந்து போகாமல் இருக்க முடியாது. நூறு கிலோமீட்டர் தள்ளி, திரும்பி ஓட முடியாத தூரத்தில் உட்கார்ந்தால்தான் இரண்டு நாள் முழுதாகப் படிக்க முடிகிறது. அல்ட்ராசவுண்டு திரையைப் பார்த்துக்கொண்டே நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தி, கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையை நான் அப்படியொரு கடற்கரை விடுதியில்தான் கற்றேன். இன்று வாரத்தில் நான்கைந்து முறை அதைப் பயன்படுத்துகிறேன். அமெரிக்காவில் இந்த வழக்கம் நம்முடையதைவிட மூத்தது. ஹவாயிலும் கரீபியன் தீவுகளிலும் காலையில் உரை, மதியத்துக்குமேல் கடல் என்று நிகழ்ச்சி நிரலே அச்சாகும். உல்லாசக் கப்பலில் நடக்கும் மாநாட்டுக்கு ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் செலவுக் கழிவு கேட்கக் கூடாது என்று அந்நாட்டு வரிச் சட்டமே தனியாக ஒரு விதி எழுதி வைக்கும் அளவுக்கு அது வேரூன்றியிருக்கிறது. ஆகவே கடலைப் பார்த்துக்கொண்டு படிப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை.

என் குறை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில், குடல்வால் அறுவை பாதி நடந்துகொண்டிருந்தபோது, குழாய் வழியாக வரும் ஆக்சிஜனின் அழுத்தம் திடீரென்று இறங்கியது. எச்சரிக்கை மணி அடித்தது. இயந்திரத்தின் பின்னால் இருக்கும் சிலிண்டரைத் திறந்தால் போதும். பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியில் முடிகிற வேலை. ஆனால் அந்தச் சிலிண்டரைத் திறக்கும் சாவி இயந்திரத்தில் இல்லை. அதைக் கழற்றிப் பக்கத்து அரங்குக்குக் கொண்டுபோனது யார் என்பது அன்று பணியில் இருந்த டெக்னீஷியனுக்குத் தெரியவில்லை; அவர் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையால் வெறும் காற்றைச் செலுத்திக்கொண்டே நான் குரல் கொடுக்க, செவிலியர் ஒருவர் ஓடிப்போய்ச் சாவியைக் கொண்டு வந்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். அதற்கு முந்தைய மாதம்தான் நான் ஒரு ரிசார்ட்டில் "அரங்கில் ஏற்படும் நெருக்கடிகள்" என்ற தலைப்பில் நல்ல உரை ஒன்றைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது எல்லாம் என்னோடு அரங்கில் நின்ற இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்களை யாரும் எங்கும் அழைத்திருக்கவில்லை.

2005-இல் இங்கிலாந்தில் எலைன் பிராமிலி என்ற பெண்மணி மூக்கருகே ஒரு சாதாரண அறுவைக்காக மயக்கப்பட்டபோது, அவருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட முடியாமல் போனது. அனுபவமுள்ள மருத்துவர்கள் அங்கே இருந்தார்கள். தொண்டையில் துளையிட்டு மூச்சு கொடுப்பதற்கான கருவிகளைச் செவிலியர்கள் தாமாகவே எடுத்து வந்து தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவர்கள் டியூப் போடும் முயற்சியிலேயே மூழ்கி நேரத்தைத் தவறவிட்டார்கள். சில நாட்களில் அந்தப் பெண்மணி இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் பிராமிலி ஒரு விமானி. விமான ஓட்டுநர் அறையில் துணை விமானி தயங்காமல் தலைமை விமானியைத் தடுத்துப் பேசுவதற்குப் பயிற்சி உண்டு, அறுவை அரங்கில் ஏன் இல்லை என்று அவர் கேட்ட கேள்விதான் அதன்பிறகு உலகெங்கும் மயக்கவியல் பயிற்சியை மாற்றியது. நம் நாட்டிலும் 2016-இல் கடினமான மூச்சுப்பாதையைக் கையாள்வதற்கான தேசிய வழிகாட்டுதல்கள் வெளிவந்தன. டியூப் போடும் முயற்சிகளை வரம்புக்குள் நிறுத்தி, உதவிக்கு ஆள் அழைத்து, அடுத்த படிக்குத் தயங்காமல் போகச் சொல்கின்றன அவை. அந்த உதவிக்கு வரும் ஆள் யார்? எங்கள் ஊர்களில் அது ஒரு செவிலியரோ டெக்னீஷியனோதான். மூளைக்கு ஆக்சிஜன் நின்றால் கையில் இருப்பது நான்கைந்து நிமிடம்; அதில் அவர் கையில் எந்தக் கருவியை எடுக்கிறார் என்பது என் அறிவைவிட முக்கியமாகிவிடுகிறது.

அப்படியிருக்க, கடற்கரை வகுப்புக்கு அவர் ஏன் வருவதில்லை? இடமில்லை, செலவு அதிகம் என்று சொல்வார்கள். நான் வேறு காரணத்தைச் சந்தேகிக்கிறேன். எந்த நிறுவனத்தின் மருந்தை எழுதுவது, டியூப் போடும்போது தொண்டைக்குள் திரையில் பார்க்க உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பை எந்த நிறுவனத்திடம் வாங்கச் சொல்வது என்பதைச் செவிலியர் முடிவு செய்வதில்லை.

இதைச் சொல்லும்போது சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். மருத்துவர்களின் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஐந்தாண்டுக்கு 30 மணிநேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்கின்றன. அதே விதிமுறைகளில் 2009 டிசம்பரில் சேர்க்கப்பட்ட திருத்தம், மருந்து நிறுவனங்களிடமிருந்து ரயில், விமானம், உல்லாசக் கப்பல் டிக்கெட்டுகளையோ விடுதி அறையையோ மருத்துவர் தமக்கோ குடும்பத்துக்கோ வாங்கக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. ஆனால் 2016-இல் அந்தப் பிரிவிலிருந்து மருத்துவர் சங்கங்கள் என்ற சொற்கள் நீக்கப்பட்டன. தனி மருத்துவர் வாங்கக் கூடாததைச் சங்கம் வாங்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அதனால் எந்த மருத்துவரின் அறைக்கும் எந்த நிறுவனமும் நேரடியாகப் பணம் கட்டுவதில்லை. வரவேற்பு மண்டபத்தில் ஒரு ஸ்டாலுக்கு நிறுவனம் பெருந்தொகை கட்டுகிறது, அந்தத் தொகையால் பதிவுக் கட்டணம் இறங்குகிறது, அறையும் இரவு விருந்தும் அந்தக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மருத்துவர்களுக்குத் தரும் இலவசங்களை வணிகச் செலவாகக் காட்டி வரிக் கழிவு கேட்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த கடுமையான புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறையும், பின்னர் அதே ஆண்டில் மருத்துவக் கருவிகளுக்காக வந்த நெறிமுறையும் இருக்கின்றன. மயக்கவியலைப் பொறுத்தவரை இரண்டாவதே முக்கியம். எங்கள் துறையில் மாத்திரை விற்பவரைவிட இயந்திரம் விற்பவர்தான் அதிகம்.

விருந்து உண்டவர் யாரும் தம் தீர்ப்பு மாறியதாக ஒப்புக்கொள்வதில்லை, நானும் ஒப்புக்கொண்டதில்லை. 1992-இல் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க மருத்துவமனையின் ஆய்வு வெளியானது. இரண்டு ஊசி மருந்துகளைப் பற்றிய கருத்தரங்குகளுக்காக, அம்மருத்துவமனையின் மருத்துவர்கள் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேராக, எல்லாச் செலவும் நிறுவனத்தினுடையது என்ற ஏற்பாட்டில் பெயர்பெற்ற சுற்றுலாத் தலங்களுக்கு அழைக்கப்பட்டார்கள். இதனால் தங்கள் மருந்துத் தேர்வு மாறாது என்றே பெரும்பாலோர் முன்கூட்டிச் சொன்னார்கள். அவர்கள் திரும்பி வந்தபின் மருத்துவமனை மருந்தகத்தின் கணக்கைப் பார்த்தால் அந்த இரண்டு மருந்துகளின் பயன்பாடும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த ஆய்வை எந்த ரிசார்ட் மேடையிலும் யாரும் எடுத்துக் காட்டி நான் கேட்டதில்லை.

இந்த வகுப்புகளால் பயன்பெற முடியாதவர்களில் செவிலியரும் டெக்னீஷியனும் மட்டுமில்லை. தாலுகா மருத்துவமனையில் ஒரே ஒரு மயக்கவியல் மருத்துவர் இருந்தால் அவர் இரண்டு நாள் விடுப்பில் போக முடியாது. போனால் அங்கே வரும் தாய்மார்களை ஆம்புலன்சில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். பட்டமேற்படிப்பு இல்லாமல், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு 18 வாரப் பயிற்சியோடு அவசரச் சிசேரியன்களுக்கு மயக்கம் கொடுக்க அரசால் தயார்செய்யப்பட்ட மருத்துவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். எங்களில் தொடர் கல்வி மிக அதிகமாகத் தேவைப்படுபவர்கள் அவர்கள்தாம். அவர்களின் பெயர் எந்த நிறுவனத்தின் அழைப்புப் பட்டியலிலும் இருக்காது.

இடையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடற்கரையில் நடத்துவது என்று முடிவு செய்துவிட்டால் அந்தக் கடற்கரைக்கு உரியதையாவது கற்பிக்கலாம். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, நச்சுமுறி மருந்து தயாரிப்பவர்களுக்குத் தருகிறவர்கள் அவர்கள். கட்டுவிரியன் கடித்தவர் நள்ளிரவில் இமை தொங்கி, மூச்சு தளர்ந்து வரும்போது அவருக்கு டியூப் போட்டு வெண்டிலேட்டரில் வைக்க எழுப்பப்படுபவர் மயக்கவியல் மருத்துவர்தான். அந்தச் சாலையில் நான் கலந்துகொண்ட மூன்று நிகழ்ச்சிகளிலும் வாகனம் சங்கத்தின் வாசலைக் கடந்துதான் போனது, ஒரு முறையும் நிற்கவில்லை. மாலை நேரச் சுற்றுலாவுக்கு மட்டும் பேருந்து தயாராக இருந்தது.

கைப்பயிற்சி என்ற பெயரில் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். தொண்டையில் துளையிட்டு மூச்சுக் கொடுக்கும் முறைக்கு ஒரு பொம்மை. அதைச் சுற்றி நாற்பது பேர். என் முறை வருவதற்குள் பொம்மையின் கழுத்துத் தோல் கிழிந்து தொங்கியது. நான் கத்தியைக் கையில் பிடித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. மதிய உணவுக்குப்பின் அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காலையில் ஒரு முறை கருவியில் காட்டினால் அன்றைய மணிநேரம் முழுவதும் கணக்கில் ஏறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க மயக்கவியல் வாரியம் 2016 முதல் தன் மருத்துவர்களுக்குக் காலாண்டுக்கு 30 கேள்விகள் வீதம் ஆண்டுக்கு 120 கேள்விகளைக் கைபேசிக்கே அனுப்பி, தவறாகப் பதில் சொன்னால் சரியான விளக்கத்தையும் உடனே காட்டுகிறது. புத்தக அறிவைப் புதுப்பிக்க அதுவே போதும். அதற்காக யாரும் ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை.

எனவே மருத்துவக் கவுன்சிலிடமும் எங்கள் சங்கத் தலைவர்களிடமும் என் வேண்டுகோள் இது. ஐந்தாண்டுக்கான 30 மணிநேரத்தில் பத்து மணிநேரத்தையாவது, மருத்துவர் எந்த அரங்கில் வேலை செய்கிறாரோ அந்த அரங்கிலேயே, அவரோடு வேலை செய்யும் செவிலியரும் டெக்னீஷியனும் சேர்ந்து செய்யும் ஒத்திகையாக மாற்றுங்கள். ஆக்சிஜன் நின்றால் என்ன செய்வது, மரத்துப்போகச் செய்யும் மருந்து இரத்தத்தில் கலந்து வலிப்பு வந்தால் அதற்கு மாற்றாகச் செலுத்தும் கொழுப்புக் கரைசல் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது, டியூப் உணவுக்குழாயில் போய்விட்டால், வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராப் திரையில் அலை எப்படி இல்லாமல் போகும் என்பதெல்லாம் அரங்கில் நின்று பார்த்தால்தான் பதியும். இதற்குப் பெரிய ஒத்திகை மையம் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள், பட்டியலில் முதல் நோயாளி வருவதற்கு முன் அரை மணிநேரம் போதும். மணிநேரங்களைச் சான்றளிக்க அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒருவரை அனுப்பலாம். ரிசார்ட்டில் நடப்பவை நடக்கட்டும்; ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியும் எந்த நிறுவனத்திடம் எவ்வளவு வாங்கியது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும், நீச்சல் குளத்தின் படம் போட்ட அதே அளவில்.

நான் வேலை செய்யும் ஓர் அரங்கில் இந்த ஒத்திகையை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். எந்தக் கவுன்சிலும் இதற்கு ஒரு மணிநேரம்கூடக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிலிண்டர் சாவி இப்போது ஒரு சங்கிலியில் இயந்திரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. கட்ட வேண்டும் என்று சொன்னவர் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு டெக்னீஷியன்.

இப்படிக்கு,
ஒரு மயக்கவியல் மருத்துவர்
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்)