டென்ட் மேட்டில் காத்திருப்பவர்களுக்காக

பிரிட்டன் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் ரயில் பாதையில் உள்ள டென்ட் (Dent) நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். கடல்மட்டத்திலிருந்து 1,150 அடி. இங்கிலாந்தின் முதன்மை ரயில் பாதைகளில் இதைவிட உயரமான நிலையம் கிடையாது. டிக்கெட் கொடுக்கவோ விசாரித்தால் பதில் சொல்லவோ அங்கே ஆள் இல்லை. நிலையத்துக்குப் பெயர் தந்த கிராமம் நான்கு மைல் தள்ளி, ஏறத்தாழ 600 அடி கீழே இருக்கிறது. செங்குத்தாக இறங்கும் கோல் ரோட்டில் கால்வலிக்க நடந்தவர்களுக்கு அந்தத் தூரம் தெரியும். பனி சரிந்து தண்டவாளத்தை மூடாதிருக்க அந்தக் காலத்தில் நட்ட ஸ்லீப்பர் கட்டை வேலி இன்னும் மலைச்சரிவில் நிற்கிறது. குளிர்காலம் அங்கே எப்படியிருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

1877இல் திறந்த இந்த நிலையத்தை 1970இல் மூடினார்கள். 1986இல் மறுபடி திறந்தது. இடையில் முழுப் பாதையையும் மூடத் திட்டம் வந்தபோது 22,000க்கும் மேற்பட்டோர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவற்றில் ஒன்று, கட்டணம் கொடுத்துப் பயணித்த ரஸ்வார்ப் என்ற நாயின் பாதச் சுவடு! 1989இல் அரசு இறங்கிவந்தது. பக்கத்து கார்ஸ்டேல் நிலையத்தில் அந்த நாய்க்கு வெண்கலச் சிலை இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

2023இல் இங்கிலாந்தின் டிக்கெட் கவுன்ட்டர்களை மூடும் திட்டத்துக்கு ஏழரை லட்சம் பேர் கருத்து அனுப்பினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. டென்ட்டில் மூடுவதற்குக் கவுன்ட்டரே இல்லை. அங்கு பயணி காணும் ஒரே ரயில்வே ஊழியர் வண்டியில் வரும் கார்டுதான். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்பலகை போடவும், வழி தெரியாமல் இறங்குபவருக்கு ஒரு வார்த்தை சொல்லவும் அவர் ஒருவரே. அவரை எந்தக் கணக்கிலும் குறைத்துவிடாதீர்கள்.

ரயில் சேவைகளை அரசுடைமையாக்கி, தண்டவாளத்தையும் வண்டியையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரும் வேளையில் இதைக் கேட்கிறேன். இத்தகைய நிலையத்தில் வண்டி ரத்தானால், நிலையத்திலிருந்து அழைப்பவருக்கு ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வண்டி வெகுநேரம் கழித்துத்தான் என்றால் கார் அனுப்ப வேண்டும். இது அதிகாரியின் மனம் சார்ந்த சலுகையாக இல்லாமல், எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும். கிராமத்துக்கான பஸ் நேரத்தையும் ரயில் நேரத்தையும் ஒரே மேசையில் வைத்து முடிவுசெய்யுங்கள். மலைப் பள்ளத்தாக்கில் செல்பேசியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆண்டுதோறும் வெளியாகும் பயணிகள் எண்ணிக்கையைக் காட்டி, இத்தனை பேருக்காகவா என்று உங்கள் அலுவலர்கள் கேட்கக்கூடும். மூடிக் கிடந்த 16 ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை என்னவாக இருந்திருக்கும்?

டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்படியொரு மாலையில் டென்ட்டில் இறங்கி, கிராமம்வரை நடந்து பாருங்கள். பிறகு விதியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பாதையில் பயணிக்கும் ஒருவன்