தண்ணீர் வடிந்த பிறகு

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளத் தண்ணீர் வடிந்துவிட்டது, சீக்கிரம் நீ வேலை செய்யும் நிவாரண முகாமை மூடிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். நிம்மதிதான். ஆனால் கொசு ஒழிப்பு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். எனக்கு இனிமேல்தான் கவலை.

வெள்ளம் பாயும்போது கொசுப்புழுக்களையும் அடித்துக்கொண்டு போய்விடும். முதல் சில நாட்கள் கொசுவே இல்லாததுபோல் இருக்கும். அங்கங்கே குட்டையாகத் தேங்கியதும் கதை மாறும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது நோயாளியைக் கடித்து, கிருமி அதன் உடம்பில் முற்றி, அடுத்தவரைக் கடித்து, அவர் படுக்க இன்னும் சில வாரம். நிவாரண லாரிகள் திரும்பிப் போன பிறகுதான் காய்ச்சல் வரும். மலேரியா ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் தலைதூக்குவது வழக்கம்.

1963இல் ஃப்ளோரா புயல் ஹைட்டியைத் தாக்கியபோது, வீட்டுச் சுவர்களில் தெளித்திருந்த கொசு மருந்தை மழை கழுவிவிட்டது. கூரை போனவர்கள் வெட்டவெளியில் படுத்தார்கள். சுமார் 75,000 பேருக்கு மலேரியா வந்தது. பாகிஸ்தானில் 2021இல் ஐந்து லட்சமாக இருந்த மலேரியா, வெள்ளம் வந்த 2022இல் 26 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. வெள்ளம் வந்தாலே கொள்ளைநோய் வரும் என்று விதி ஒன்றுமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பயந்த அளவுக்கு மலேரியா பரவவில்லை. வராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

டெங்கு வேறு ரகம். குழாய் உடைந்தால் ஜனங்கள் டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து வைப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியதும் அதுதான். ஒரு டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார். தலைகீழாகத் தொங்கும் புழுக்கள் நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நனைந்ததும் பொரிக்கும். உள்பக்கத்தை பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல். தார்ப்பாய் மடிப்பில் தேங்குவதையும் விடாதே. புகை அடிக்கச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள். அது பறக்கிற கொசுவுக்குத்தான், புழுவை ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் அதற்கு மவுசு!

அப்புறம் நீ. ஏடிஸ் பகலில் கடிக்கும், ராத்திரி கொசுவலையை மட்டும் நம்பாதே. முழுக்கைச் சட்டை போடு. காய்ச்சல் வந்தால் அலைச்சல் என்று தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள். பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் தொடாதே. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலும், வெள்ளப் பகுதியில் இருந்ததை டாக்டரிடம் சொல்லிவிடு.

முகாமில் காய்ச்சல்காரர்களை எழுதி வைக்கும் நோட்டு இருக்கும். மூடியதோடு அது நின்றுபோகாமல், வாராவாரம் எழுத உள்ளூரில் ஓர் ஆளைப் பிடித்து ஒப்படை. முடிந்தால் நீயே இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வா. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா