செல் நீக்கிய தோல் பற்றித் தோழிக்கு

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் அறுவை சிகிச்சையிலேயே மேற்படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்து மனம் நிறைந்தது. மார்பகம் அகற்றப்படவிருக்கும் உன் நோயாளிக்கு அதே அறுவையில் இம்ப்ளான்ட் (செயற்கை மார்பகம்) வைத்துச் சீரமைக்கலாமா, அதற்குச் செல் நீக்கிய தோல் அவசியமா என்று கேட்டிருந்தாய். இவ்வளவு நாள் இதனோடு பழகிய பிறகு எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

கொடையாகப் பெற்ற மனிதத் தோலிலிருந்தோ, பன்றி, மாடு ஆகியவற்றின் தோலிலிருந்தோ மேல்தோலை நீக்கி, உள்தோலில் இருக்கும் செல்களையும் கரைத்து வெளியேற்றிவிடுகிறார்கள். எதிர்ப்பைத் தூண்டும் செல்கள் போய்விடுவதால், உடல் அதை அந்நியமென்று தள்ளுவதில்லை. தாள் போல எஞ்சும் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகளின் பின்னலுக்குள் நோயாளியின் இரத்தக் குழாய்கள் நுழைந்து, அவருடைய செல்களே அங்கே குடியேறுகின்றன. ஆனால் இரத்தம் வந்து சேராத இடத்தில் வைத்தால் அதே தாள் வெறும் அந்நியப் பொருளாகக் கிடந்து கிருமிக்கு இடம் கொடுக்கும். இதன் நன்மை தீமை எல்லாமே இந்த ஒன்றைப் பொறுத்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

மனிதத் தோலில் செய்த தாளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. செலைனில் ஊறவைத்து, நோயாளியின் இரத்தத்தில் ஒரு சொட்டை இருபுறமும் வைத்துக் கழுவிப் பார்த்தால், உள்தோல் பக்கம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மேல்தோல் ஒட்டியிருந்த பக்கம் வெளுத்தே இருக்கும். சிவந்த பக்கம்தான் நோயாளியின் இரத்தவோட்டமுள்ள தோல்மடலை (மார்பகத்தை அகற்றிய பின் மூடுவதற்கு எஞ்சும் தோலை) நோக்கி இருக்க வேண்டும். உன் மகளுக்கும் இதைக் காட்டிக் கொடு.

தீக்காயத்துக்காக வந்த இந்தப் பொருளை மார்பகச் சீரமைப்பில் பயன்படுத்தும் முறை 2005 இல் வெளியான ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது. மார்புத் தசை இம்ப்ளான்ட்டின் மேற்பகுதியை மட்டுமே மூடும். கீழ்ப்பகுதியில் இந்தத் தாளைத் தூளி போலக் கட்டித் தாங்குகிறோம். வடிவம் அழகாக அமைகிறது, இம்ப்ளான்ட்டைச் சுற்றி இறுகும் வடுவும் குறைகிறது. இருந்தும் நெதர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வை நான் மறப்பதேயில்லை. பன்றித்தோலுடன் ஒரே கட்டத்தில் இம்ப்ளான்ட் வைத்தவர்களில் 29 சதவீதத்தினருக்கு அதை எடுத்துவிட நேர்ந்தது. முதலில் தோலை மெல்ல விரிக்கும் பையை (தோல் விரிப்பானை) வைத்து, பிறகு இம்ப்ளான்ட் என்று இரண்டு கட்டங்களாகச் செய்துகொண்டவர்களில் அது 5 சதவீதமே. அங்கே பொருள், முறை இரண்டுமே வேறுபட்டதால் குற்றம் முழுவதையும் தாளின் மேல் சுமத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே புற்றுநோயால் துவண்டிருக்கும் ஒரு பெண்ணை மறுபடியும் அறுவை மேசைக்குக் கொண்டுவரும் ஒரு முடிவை நாம் இலகுவாக எடுக்கக் கூடாது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் மார்பகச் சீரமைப்புக்கென்று இவற்றில் எதற்கும் அனுமதி தரவில்லை என்பதையும், பிராண்டுக்குப் பிராண்டு சிக்கல்களின் அளவு மாறுகிறது என்பதையும் 2021 இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தைத் தாங்கக் கட்டும், நீ அடிக்கடி செய்யும் ஹெர்னியா அறுவையில் இந்தத் தாள் மீது எனக்கு இன்னும் குறைவான நம்பிக்கையே இருக்கிறது. கிருமி கலந்த வயிற்றுச் சுவரில் செயற்கை வலையைவிடத் தோலிலிருந்து செய்த இந்த உயிரித் தாளே பாதுகாப்பு என்று நெடுங்காலம் சொல்லிக் கொடுத்தார்கள். 2022 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் பன்றித் தாள் வைத்தவர்களில் 20.5 சதவீதத்தினருக்கு ஹெர்னியா திரும்பியது; செயற்கை வலையில் 5.6 சதவீதம். வலையின் விலை 105 டாலர், தாளின் விலை 21,539 டாலர். கடன் வாங்கிக்கொண்டு வரும் குடும்பங்களைத் தினமும் பார்க்கும் உனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உன் நோயாளி புகையிலை பயன்படுத்துபவரா, கதிரியக்கச் சிகிச்சை பெறப்போகிறவரா என்று முதலில் கேள். இரண்டில் ஒன்று இருந்தாலும் நான் தாளைத் தவிர்த்து, இரண்டு கட்டங்களாகவோ அவருடைய சொந்தத் திசுவைக் கொண்டோ செய்வேன். அப்படி எதுவும் இல்லையென்றால், அறுவையின்போது தோல்மடலின் விளிம்பில் நல்ல இரத்தம் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவெடு. பொருள் எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதை அவரிடமும் குடும்பத்தாரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடு; சமய நம்பிக்கையாலோ சைவ வழக்கத்தாலோ வேண்டாமென்று மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அவருடைய ஸ்கேன் அறிக்கையையும், கதிரியக்கம் பற்றிப் புற்றுநோய் மருத்துவர் சொன்னதையும் எனக்கு அனுப்பிவை; அறுவைக்கு நாள் குறிக்கும் முன் இருவரும் பேசிவிடலாம்.

அன்புடன்,
சுகந்தி