பவுண் காசு வாங்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமையாகக் கடைக்கு வருகிறவர்கள் காசைப் பார்க்க முன்னர் தராசைப் பார்க்கிறார்கள். ஏன் என்று தெரியும். வட்ஸ்அப்பில் சுற்றும் படம் எங்களுக்கும் வந்து சேர்ந்தது. சமையலறைத் தராசில் ஒரு பவுண் காசு, 7.9 கிராம். கீழே, "எட்டுக் கிராம் என்று விற்றார்கள், ஓரத்தைச் சுரண்டியிருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தது.

அது நாங்கள் விற்ற காசுதான். 1911ஆம் ஆண்டுக் காசு, ஐந்தாம் ஜோர்ஜ் தலை. அதை யாரும் சுரண்டவில்லை.

பவுண் என்றால் எட்டுக் கிராம் என்பது எங்கள் ஊர் நகைக்கடைக் கணக்கு. 1817 முதல் பிரித்தானிய நாணயச்சாலை அடித்துவரும் சவரின் காசின் நிறை 7.988 கிராம். அந்தக் காசிலிருந்துதான் எங்கள் பவுண் கணக்கே வந்தது. பின்னாளில் அதை முழு எட்டாக ஆக்கிக்கொண்டோம். புதுக் காசிலேயே எட்டு இல்லை என்றால், நூறு வருடத்துக்கு மேல் கைமாறிய காசில் எப்படி இருக்கும்? அந்தக் காலச் சட்டமே 7.938 கிராம் வரை தேய்ந்த காசைச் செல்லும் காசு என்று ஏற்றது. எங்கள் தராசில் இந்தக் காசு 7.94. ஒரு தசமம் மட்டும் காட்டும் தராசில் அது 7.9 என்றுதான் விழும்.

சுரண்டினால் ஓரமே காட்டிக்கொடுத்துவிடும். விளிம்பைச் சுற்றி நெருக்கமாக வரிகள் இருக்கும். அரம் பட்ட இடத்தில் அவை அழிந்துவிடும். குறுக்களவும் 22.05 மில்லிமீற்றர் வராது. "சிவப்பாக இருக்கிறது" என்றும் சொன்னார்களாம். 22 கரட் காசில் பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு. 2013இலிருந்து 24 கரட்டில் வரும் 'பிரித்தானியா' (Britannia) என்ற வேறொரு தங்கக் காசுக்குப் பக்கத்தில் வைத்தால் சிவப்பாகத்தான் தெரியும்.

சரி, எங்கள் பிழையையும் சொல்லவேண்டும். பற்றுச்சீட்டில் ஆண்டை எழுதினோம், நிறையை எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திராது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். காசைக் கொண்டுவந்தால் கொடுத்த பணத்தை அப்படியே திருப்பித் தருகிறோம் என்று வாங்கியவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். அவர் இன்னும் வரவில்லை. இருபது வருடம் லண்டன் ஈஸ்ட்ஹாமில் கடை வைத்திருப்பவர்களை, ஒரு வார்த்தை கேட்காமல் சுரண்டுகிறவர்கள் என்று எழுதியது மனதை மிகவும் வருத்துகிறது.

அதுவும் சுரண்டலைக் கண்டுபிடிப்பதில் எங்கள் அண்ணருக்கு நிகர் இல்லை. ஒரு தடவை ஒருவர் 1917 காசு கொண்டுவந்தார். அந்த வருடம் லண்டனில் அடித்த காசு மிக அரிது. அதே வருடம் அவுஸ்திரேலியாவில் சிட்னி, மெல்பேர்ண், பேர்த் நாணயச்சாலைகளில் அடித்த காசுகள் தாராளமாகக் கிடைக்கும். ஆண்டெண்ணுக்கு மேலே ஊர் எழுத்து இல்லை என்றால் லண்டன் காசு. அண்ணர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே பேர்த்தின் 'பி' எழுத்து இருந்திருக்கிறது, லண்டன் காசு என்று காட்ட அதை அழித்துவிட்டார்கள் என்றார். அந்த அண்ணர் போன மாதம் ஓய்வு பெற்று மகளுடன் இருக்கக் கனடா போய்விட்டார். அதனால் பழைய காசுகளைப் பார்த்து வாங்குவது இனிச் சனிக்கிழமை மட்டும். அன்றைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார்.

தங்கம் 2025 ஒக்டோபரில் அவுன்ஸுக்கு 4,000 டொலரைத் தாண்டியபிறகு கடையின் காப்புறுதிப் பணமும் ஏறிவிட்டது. ஆகவே திரும்ப வாங்கும்போது கழிக்கும் இரண்டு வீதம் அடுத்த மாதம் முதல் நான்கு வீதம்.

தாலிக்கொடியில் கோர்க்க எங்களிடம் காசு வாங்கிய அக்காமார், இன்று மகள்மாரைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். படத்தைப் பார்த்ததும் "நாங்கள் நம்பவில்லை" என்று தொலைபேசியில் சொன்னவர்களும் நீங்கள்தான். இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம்: காசில் துளை போடாதீர்கள், வளையம் வைத்துப் பற்றவைக்காதீர்கள், மினுக்காதீர்கள். பழைய காசு சேர்ப்பவர்கள் தங்கத்தின் விலைக்கு மேலே கொடுக்கும் பணம் அதோடு போய்விடும். காசைச் சுற்றிச் சட்டகம் போட்டுக் கோர்த்துத் தருகிறோம்.

முன்னர் எங்களிடம் வாங்கிய எந்தக் காசையும் கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னே நிறுத்து, இரண்டு தசமம் வரை பற்றுச்சீட்டில் எழுதி முத்திரை வைத்துத் தருவோம். இதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்